நிழல் வாலும் நீள வாலும்



உரம், விதை நேர்த்தி, பூச்சி மருந்து என்றே பேசிக்கொண்டிருக்கிறவன் இன்றைக்கு ஒரு பெயரைப் பற்றிப் பேசப் போகிறேன். பெயரைத் தெரிந்துகொண்டால் ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடக் கிடைக்குமா என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கிடைக்காது. ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்திலே மாவும் புளியும் தென்னையும் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருப்பது நல்லது. தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டு, பிறகு கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டாம் பாருங்கள்.

ஒரு தோப்புக்காரர் என்னிடம் கேட்டார்: “சார், வனத்துறை நோட்டீசுலே ரட்டூஃபா மக்ரூரான்னு போட்டிருக்காங்க. என்னமோ காய்ச்சல் மருந்து மாதிரி இருக்கேன்னு பாத்தா, கடைசியிலே அணிலாம். அணிலுக்கு எதுக்கு சார் இம்புட்டுப் பெரிய பேரு?”

நியாயமான கேள்விதான். ராஜபாளையம் சந்தையிலேயே நின்று கேளுங்கள். தமிழ் பேசுகிறவர் அணில் என்பார். வீட்டிலே தெலுங்கு பேசுகிறவர் உடுத்த என்பார். மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் மலையாளத்திலே அண்ணான். ஒரே பிராணிக்கு ஊருக்கு ஒரு பெயர். அது மட்டுமா? ஒரே பெயரில் நாலு பிராணி இருக்கும். நம் வீட்டு முற்றத்தில் ஓடுகிறதும் அணில்தான், மலையில் இருக்கிற பெரியதும் அணில்தான். இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்தது. ஸ்வீடன் நாட்டிலே கார்ல் லின்னேயஸ் என்று ஓர் அறிஞர். விலங்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டே சொல்லில் ஒரு பெயர் வைக்க வேண்டும், எல்லா நாட்டிலும் அந்தப் பெயரே செல்ல வேண்டும் என்று 1758-ல் வெளிவந்த தம் புத்தகப் பதிப்பிலே ஓர் ஒழுங்கு பண்ணினார். முதல் சொல் வகையறாவைச் சொல்லும், இரண்டாவது சொல் ஆளைச் சொல்லும். அன்றைக்கு ஐரோப்பாவிலே படித்தவர்களுக்குப் பொதுவாக இருந்தது லத்தீன் மொழி. அதனால் பெயர்களும் லத்தீனில் அமைந்தன. லத்தீனில் சொல் கிடைக்காத இடத்தில் கிரேக்கத்திலிருந்து கடன்.

அணில் வகையறாவுக்கு லின்னேயஸ் வைத்த பெயர் ஸ்கியூரஸ். இது அவராகக் கட்டின சொல் இல்லை. ரோமானியர்கள் 2,000 வருஷத்துக்கு முந்தியே அணிலை அப்படித்தான் சொன்னார்கள். அவர்களும் அதைக் கிரேக்கரிடமிருந்து வாங்கினார்கள். கிரேக்கத்திலே ஸ்கியா என்றால் நிழல், ஊரா என்றால் வால். இரண்டையும் சேர்த்தால் ‘நிழல் வால்’. தன் வாலின் நிழலிலே தானே உட்கார்ந்திருக்கிற பிராணி என்பது பழையவர்கள் சொன்ன விளக்கம். அணில் ஒன்று கிளையில் குந்தி, வாலை முதுகோடு நிமிர்த்தித் தலைக்கு மேலே வளைத்து வைத்துக்கொண்டு எதையாவது கொறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குடை பிடித்த மாதிரிதான் இருக்கும். இது வெறும் கவிதைப் பேச்சு என்றும் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்காவின் கலஹாரி வறண்ட காட்டிலே வளையில் வாழ்கிற ஓர் அணில், உச்சி வெயிலில் நிஜமாகவே வாலைக் குடையாகப் பிடித்துக்கொண்டுதான் இரை தேடுகிறது.

இங்கிலீஷிலே ஸ்குரில் என்கிறார்களே, அதுவும் இந்த ஸ்கியூரஸின் பேரப்பிள்ளைதான். லத்தீன் பேச்சு வழக்கில் ‘குட்டி ஸ்கியூரஸ்’ என்று செல்லமாகச் சொல்லி, அது பழைய பிரெஞ்சுக்குப் போய்த் தேய்ந்து, அங்கிருந்து கடல் தாண்டி இங்கிலீஷ் ஆயிற்று. நாம் அணிற்பிள்ளை என்று சொல்கிறோம் அல்லவா, அந்த மாதிரி செல்லம். எந்த ஊரானாலும் அணிலைக் கண்டால் மனுஷனுக்குப் பிள்ளை ஞாபகம்தான் வரும் போலிருக்கிறது.

பிளினி என்று ஒரு ரோமானியர். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர். நம் நாட்டு மிளகுக்கு ரோமாபுரிக்காரர்கள் பொன்னும் வெள்ளியுமாகக் கொட்டுகிறார்களே என்று அங்கலாய்த்து எழுதியவரும் அவரேதான். அவர் அணிலைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புயல் வரப்போவது அணிலுக்கு முன்கூட்டியே தெரியும், காற்று அடிக்கப் போகிற பக்கத்து வாசலை அடைத்துவிட்டு மறுபக்கத்து வாசலைத் திறந்துகொள்ளும் என்கிறார். இதற்கு நான் ஜவாப்தாரி இல்லை. மழை நிலவரத்துக்கு நீங்கள் வானிலை அறிக்கையையே கேளுங்கள். ஆனால் கூடவே இன்னொன்று சொல்கிறார்: அணிலின் சடை வால் அதற்குப் போர்வையாகவும் ஆகிறது என்று. இது சரியான பேச்சு. வெயிலில் குடை, குளிரில் போர்வை. பழைய ஆட்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் கண்ணில் பட்டது வால். நம்மவர்கள் கண்ணில் பட்டது முதுகுக் கோடு. தொல்காப்பியத்திலேயே ‘மூவரி அணில்’ என்று வருகிறது. மூன்று வரி உள்ள அணில் என்று அர்த்தம். பிறகு அந்த மூன்று கோட்டையும் ராமர் தடவிக் கொடுத்த விரல் தடமாக நம் பாட்டிமார்கள் கதை சொன்னார்கள். ஐரோப்பாவிலே இருக்கிற செவ்வணிலுக்கு முதுகில் கோடே கிடையாது. புசுபுசுவென்று வால் மட்டும் பெரிதாக இருக்கும். அவரவர் ஊரில் எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதானே பெயராகும்!

நம் முற்றத்து அணிலுக்கு லின்னேயஸ் 1766-ல் ஸ்கியூரஸ் பால்மாரம் என்று பெயர் வைத்தார். பால்மாரம் என்றால் பனை, தென்னை இனத்து மரங்களைச் சேர்ந்தது என்று பொருள். ‘பனைமரத்து நிழல் வால்’. பிற்பாடு, 1835-ல் லெஸ்ஸன் என்ற பிரெஞ்சுக்காரர், இந்தக் கோட்டு அணில் தனி வகையறா என்று பிரித்து ஃபுனாம்புலஸ் என்று வேறு பெயர் கொடுத்தார். ஃபூனிஸ் என்றால் கயிறு, அம்புலாரே என்றால் நடப்பது. கயிற்றிலே நடக்கிறவன்! நம் ஊரிலே கழைக்கூத்தாடி கம்பு நட்டுக் கயிறு கட்டி நடப்பானே, அதே ஆள்தான். எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான பெயர் எந்தப் பிராணிக்கும் இல்லை. கரண்டுக் கம்பியிலே, கொடிக் கயிற்றிலே, பந்தல் கம்பியிலே இது ஓடாத இடம் உண்டா?

பெயரைப் புரிந்துகொண்டால் தோட்டத்து வேலைக்கும் உதவும். தென்னை மரத்திலே எலி ஏறாமல் இருக்கத் தகடு சுற்றுகிறோம். தனி மரத்துக்கு அது சரி. ஓலையும் ஓலையும் உரசிக்கொண்டு நிற்கிற தோப்பிலே, பக்கத்து மரத்து வழியாக வருகிற கயிற்று நடையனை அந்தத் தகடு என்ன செய்யும்? தகரத்துக்குப் போட்ட காசுதான் தண்டம். கொய்யா, மாதுளையிலே இவன் தொல்லை தாங்கவில்லை என்றால் பிஞ்சு திரண்டதும் பையைக் கட்டிவிடுங்கள். முதிர்ந்த காயை மரத்தில் விட்டுவைக்காமல் நாள் தவறாமல் பறித்துவிடுங்கள். மரம் முழுக்க இவனைத் துரத்த முடியாது, பழத்தை மூடத்தான் முடியும்.

சின்னவன் கதை இருக்கட்டும். பெரியவனுக்கு வருகிறேன். இன்றைய பேச்சே அவனைப் பற்றித்தான்.

1769-ல் தாமஸ் பென்னன்ட் என்ற வேல்ஸ் நாட்டு அறிஞர், இந்தியப் பக்கத்து விலங்குகளைப் பற்றிய தம் புத்தகத்தில் இலங்கையின் பெரிய அணிலுக்கு ஸ்கியூரஸ் மக்ரூரஸ் என்று பெயரிட்டார். கிரேக்கத்திலே மக்ரோஸ் என்றால் நீளம். ஊரா வால் என்று முன்பே பார்த்தோம். ஆக மொத்தம் ‘நீள வால் நிழல் வால்’. ஒரே பெயரிலே இரண்டு தடவை வால்! அந்த வால் அப்படி அவர்களைப் பிடித்து ஆட்டியிருக்கிறது. 1867-ல் கிரே என்பவர் ஆசியாவின் பெரிய அணில்களைத் தனி வகையறாவாக்கி ரட்டூஃபா என்று சொன்னார். அந்தச் சொல்லைப் பெண்பாலாகக் கொண்டதால் மக்ரூரஸ் என்பதும் மக்ரூரா என்று திரிந்தது. லத்தீனிலும் பால் பார்த்துத்தான் சொல் முடியும். ஒரு வால் போயிற்று, நீள வால் நின்றது. தோப்புக்காரர் நோட்டீசில் பார்த்த ரட்டூஃபா மக்ரூரா இதுதான்.

இங்கிலீஷ் பெயரிலே வாலை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கிரிசில்டு என்கிறார்கள். பழைய பிரெஞ்சிலே கிரி என்றால் சாம்பல் நிறம். நரை விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அணிலின் முதுகு மயிரைக் கிட்டத்தில் பார்த்தால் நுனியெல்லாம் வெளுத்து, ஐம்பது வயதுக்காரர் தலை மாதிரி உப்பும் மிளகுமாக இருக்கும். நம்மவர்கள் சாம்பல் மலையணில் என்றும் நரை அணில் என்றும் சொல்வது அதனால்தான்.

அடையாளத்தை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். முதுகில் கோடு கிடையாது. ராமர் கதை இதற்குப் பொருந்தாது. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை சுமார் இரண்டரை அடி இருக்கும், அதில் பாதிக்கு மேல் வாலே. எடை இரண்டு கிலோவுக்குள். உச்சந்தலை கருத்திருக்கும். மூக்கும் பாதமும் இளஞ்சிவப்பு. வயிறு வெளுப்பு. இன்னும் மேலே, அடர்ந்த காட்டுக்குள் போனால் செம்பழுப்பும் கறுப்புமாக இதைவிடப் பெரிய மலையணில் ஒன்று இருக்கிறது. அது இதன் பங்காளி, இது அல்ல.

இந்த நரை அணில் உலகத்திலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. தென்னிந்தியாவிலும் எல்லா மலையிலும் கிடையாது. அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. அந்தத் திட்டுகளில் பேர் பெற்றது நம் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. இந்த ஓர் அணிலின் பெயரிலேயே 1988 டிசம்பரில் அரசாங்கம் இங்கே வனவிலங்குச் சரணாலயம் அறிவித்தது. சுமார் 485 சதுர கிலோமீட்டர். 2021-ல் இதையும் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. புலி பெயர் வந்த பிறகு அணிலை யார் நினைக்கிறார்கள்? ஆனால் அடிவாரத்து விவசாயிக்குப் புலியைவிட அணில்தான் கிட்டத்து உறவு. அது நம் தோப்புக்குள்ளேயே வந்து கூடு கட்டுகிறது.

ஏன் தோப்புக்கு வருகிறது? அதற்குப் பதில் அந்த நீள வாலிலேயே இருக்கிறது. அந்த வால் அலங்காரம் அல்ல. மெல்லிய கிளையில் உட்கார்ந்து பழம் தின்கிறபோது உடம்பு ஒரு பக்கம், வால் மறுபக்கம் என்று தராசுத் தட்டு மாதிரி தொங்கவிட்டு நிலையை நேர் செய்துகொள்ளும். மரம் விட்டு மரம் பாய்கிறபோது அதே வால்தான் சமன் செய்கிறது. பெரிய மலையணில்கள் இருபதடி தூரம்கூடப் பாயும். பிறப்பு, இரை, உறக்கம் எல்லாம் மரத்து மேலேதான். தரையில் இறங்குவது அபூர்வம், இறங்கினால் அதற்குக் கைகால் ஓடாது. ஆகவே இதற்கு வேண்டியது வெறும் மரம் அல்ல. ஒன்றோடொன்று தலை கோத்து நிற்கிற மரங்கள். நாம் ஊருக்கு ஊர் ரோடு போட்ட மாதிரி அதற்குக் கிளை வழியே ரோடு. செண்பகத்தோப்பு மாதிரி அடிவார இடங்களில் ஓடைக்கரை மரங்களும் நம் பழைய மாந்தோப்புகளும் சேர்ந்துதான் அந்த ரோடு. காடு எங்கே முடிகிறது, பட்டா எங்கே ஆரம்பிக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

கூட்டையும் அது ரோடு பார்த்தே கட்டுகிறது. பக்கத்து மரத்துக் கிளை வந்து தொடுகிற உயரமான இடமாகத் தேர்ந்தெடுத்து, சுள்ளியும் இலையுமாகப் பெரிய பந்து மாதிரி கட்டும். கழுகோ வேறு எதுவோ வந்தால் அடுத்த மரத்துக்குத் தாவ வேண்டாமா? ஒரே அணில் இரண்டு மூன்று கூடு வைத்திருப்பதும் உண்டு. பகலில் ஆள் இல்லையே என்று அதைப் பாழ் கூடு என்று நினைத்துவிடாதீர்கள். எலி மாதிரி ஈற்றுக்கு எட்டுப் பத்து போடுகிற ஜாதி இல்லை இது. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. ஒரு தாய் போனால் அந்த நஷ்டம் ஈடாக வெகுகாலம் ஆகும்.

இனி நம் பக்கத்து நியாயத்தையும் பேச வேண்டும் அல்லவா? நரை அணில் மாங்காய் தின்கிறதா? தின்கிறது. புளியம்பழம்? அதுவும்தான். இல்லை என்று நான் சொன்னால் சப்பட்டை மரம் வைத்திருக்கிற அண்ணாச்சி யாரும் நம்ப மாட்டார். குத்தகைக்கு எடுத்தவருக்கு ஒவ்வொரு காயும் காசு. ஆனால் கொஞ்சம் தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கடித்துப் போட்டதெல்லாம் இதன் வேலை இல்லை. குரங்கு உண்டு, பழந்தின்னி வௌவால் உண்டு, கிளி உண்டு, நம் கோட்டு அணிலும் உண்டு. கூட்டமாக வந்து மரத்தை உலுக்கிவிட்டுப் போகிற குரங்கோடு, தனியாக வந்து உட்கார்ந்து தின்கிற இந்த அணிலை ஒரே தராசில் வைப்பது என் அபிப்பிராயத்தில் சரியில்லை.

தென்னங்கொண்டையில் எலிக்கு வைக்கிற புரோமடையலோன் கட்டி, பழத்துக்குள் வைக்கிற விஷம், கண்ணி, வலை — இவற்றை மலையடிவாரத் தோப்பில் வைக்கவே வைக்காதீர்கள். நீங்கள் எலிக்கு வைப்பீர்கள், சின்ன அணிலுக்கு வைப்பீர்கள். மேலே வருகிற பெரியவனுக்கு அது தனக்கு வைத்ததில்லை என்று தெரியாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலே நரை அணில் முதலாம் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை இருக்கிற அதே அட்டவணை. அதைக் கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை, ஏழு வருஷம் வரை போகும், அபராதம் தனி. “அணில்னுதான் நினைச்சேன்” என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். அதனால்தான் பெயரையும் அடையாளத்தையும் இவ்வளவு நேரம் விஸ்தாரமாகச் சொன்னேன்.

ஆனால் விஷத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைச் செய்கிறவர் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. காய்ப்பு ஓய்ந்த கிழட்டு மாமரங்களை வெட்டி விறகுக்குப் போட்டுவிட்டுப் புதிதாகத் தென்னை வைக்கிறோம். வரப்போரத்துப் புளியை நிழல் அடிக்கிறது என்று சாய்க்கிறோம். ஒரு மரம்தானே என்று தோன்றும். அந்த ஒரு மரம் நடுவில் போனால் அந்தப் பக்கத்துக் கிளைக்கும் இந்தப் பக்கத்துக் கிளைக்கும் நாற்பது அடி இடைவெளி. பாலம் உடைந்த ரோடு மாதிரி. அணில் கீழே இறங்கித்தான் கடக்க வேண்டும். கீழே நாய். காவல் நாய் இல்லாத தோப்பு எது? ராஜபாளையம் என்று சொன்னாலே நாய் ஞாபகம் வருகிற ஊர். 2005-ல் தபால்தலையிலே ஏறின நாய். வேட்டைக்குப் பேர் போன ஜாதி. அதைக் குறை சொல்லி என்ன செய்ய? ஜோசுவா, ஜான்சிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த அணிலையும் அதன் இருப்பிடத்துக்கு மனிதர்களாலும் மற்றதாலும் வருகிற இடைஞ்சலையும் ஆராய்ந்து 1994-ல் கட்டுரை வெளியிட்டார்கள். ஜான்சிங் சிவகாசிக் கல்லூரியிலே பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக் கொடுத்தவர். நம் சீமைக்கு வேற்றாள் அல்ல.

மரமே வெட்டக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. விவசாயம் பண்ணுகிறவன் மரம் மாற்றித்தான் ஆக வேண்டும். வெட்டுகிற முறையை மாற்றிக்கொள்ளலாம். தோப்பு முழுவதையும் ஒரே வருஷத்தில் மொட்டையடிக்காமல், வரிசை விட்டு வரிசையாக எடுங்கள். இளங்கன்று தலை தூக்கிய பிறகு அடுத்த வரிசைக்குப் போங்கள். மலைப் பக்கத்திலிருந்து ஓடையைத் தொட்டு வருகிற ஒரு வரிசை பெரிய மரங்களையாவது கடைசி வரை நிறுத்திவையுங்கள். அறுவடை முடிந்து மாமரத்தில் கவாத்து பண்ணுகிறபோது, உள்ளே காய்ந்த குச்சி, நோய்க் கிளை, குறுக்கே போகிற கிளை இவற்றை எடுத்தால் போதும். பக்கத்து மரத்தைத் தொடுகிற கைகளில் ஒன்றிரண்டை விட்டுவிடுங்கள். அரிவாளை எடுக்கும் முன் அண்ணாந்து பார்த்து, பந்து மாதிரிக் கூடு தெரிந்தால் அந்த மரத்தை ஒரு பட்டம் தள்ளிப் போடுங்கள்.

ஏற்கெனவே இடைவெளி விழுந்துவிட்ட தோப்பென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடைக்கரையிலும் வேலியோரத்திலும் நாவல், புங்கன், மருது, இலுப்பை என்று நட்டு வையுங்கள். ஓடைக்கரை மண் கரையாமல் நிற்கும். புங்கந்தழை வயலுக்கு ஆகும், நாவலும் இலுப்பையும் வீட்டுக்கு ஆகும். மரம் வளர வருஷம் ஆகுமே என்றால், வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்க மேலே பாலம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த மாதிரி உங்கள் தோப்புக்கும் ஏதாவது ஏற்பாடு செய்ய முடியுமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். நீங்களாகக் கம்பி இழுத்துக் கட்ட வேண்டாம்.

நாயை மட்டும் காலையிலும் சாயங்காலமும் கட்டிவையுங்கள். அணில் மும்முரமாக இரை எடுக்கிற வேளை அது. ராத்திரிக் காவலுக்கு அவிழ்த்துவிட்டால் போதும், இருட்டியதும் அணில் கூட்டுக்குள் போய்விடும். காற்றடித்த மறுநாள் குட்டி ஏதாவது கீழே கிடந்தால் வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் பால் ஊட்ட வேண்டாம், கூண்டில் வைப்பதும் குற்றம்தான். நாய், பூனை அண்டாமல் ஓர் ஆளை நிறுத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். தாய் மேலேயே எங்கேயாவது இருக்கும்.